மூன்றாவது ஓலை

எனக்கு மறதி கிடையாது. தரப் பரிசோதனையில் இருப்பவளுக்கு அது இருக்கவும் கூடாது. எந்த லாட் சரக்கில் எந்தத் துளை எவ்வளவு தள்ளியிருந்தது, எந்தப் பட்டையில் பிசிறு இருந்தது என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வேன். இரும்பு செய்த தப்பையே மறக்காதவள், மனிதன் செய்த தப்பை எப்படி மறப்பேன்?

ஒரகடத்தில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. டிப்ளமோ முடித்த கையோடு ஒரு கார் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மணிமங்கலத்துக்கும் படப்பைக்கும் நடுவில் உள்ள ஒரு கத்தோலிக்கக் குடியிருப்பு எங்களுடையது. அப்பா லாரி பட்டறையில் வெல்டர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் வேறு ஆள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பூசையில் பைபிளின் முதல் வாசகம் வாசிப்பார். தொண்டையைக் கனைத்துவிட்டு அவர் ஆரம்பித்தால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். வாரத்தில் மற்ற ஆறு நாட்களும் அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் என்பதுபோல் இருப்பார்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கோவில் பங்கில். அவன் இன்ஜினியர். கார் கம்பெனிகளுக்கு இரும்புப் பட்டைகள் அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை. பார்க்க நன்றாகவே இருப்பான். எனக்கும் பிடித்திருந்தது, மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று இரண்டு வீட்டாரின் கோவில்களிலும் வாசிப்பார்கள். வாசலில் இருக்கும் பலகையிலும் ஒட்டிவைப்பார்கள். முதல் ஓலைக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். இரண்டாவதற்குப் பழகிவிடும். மூன்றாவது வாசிக்கப்படாமல் போனால், யாரோ போய்த் தடை சொல்லியிருக்கிறார்கள் என்று ஊருக்கு அர்த்தம். அதுவும் பெண் விஷயத்தில் அந்தத் தடை என்னவாக இருக்கும் என்று யாரும் யாரிடமும் கேட்க மாட்டார்கள். தாங்களே முடிவு செய்துகொள்வார்கள்.

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறு மதியம் அவனும் அவன் அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் என்னைச் சாப்பிட அழைத்துப்போனார்கள். அவன் அம்மா வரவில்லை. முட்டி வலி என்றார்கள். அப்பா இல்லாத வீடு, அக்கா வைத்ததுதான் சட்டம்.

நெடுஞ்சாலை ஓரத்தில் புதிதாகத் திறந்திருந்த ஹோட்டல் அது. கம்பெனிகளுக்கு வந்திருந்த ஜப்பான்காரர்களையும் கொரியாக்காரர்களையும் நம்பித் திறந்தது. ஜப்பான், கொரியா, தாய்லாந்து, மலேசியா என்று ஆசியா முழுவதையும் ஒரே மெனுவில் அடைத்திருந்தார்கள். கருங்கல் சுவரில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் சாப்பாட்டு மேசைகள், இன்னொரு பக்கம் லவுஞ்ச். லவுஞ்ச் என்றால் தாழ்வான சோபா, மங்கலான வெளிச்சம், கையில் கண்ணாடி டம்ளரோடு வெளிநாட்டுக்காரர்கள். மதியம் ஒரு மணிக்கே அங்கே சாயங்காலமாக இருந்தது.

மூங்கில் கூடையில் கொழுக்கட்டை மாதிரி ஒன்று வந்தது. எட்டு இருந்தன. ஏழில் மடிப்பு சரியாக இருந்தது, ஒன்று கிழிந்து உள்ளே இருந்த இறால் எட்டிப் பார்த்தது. கம்பெனி லைனாக இருந்தால் அதைத் தனியாக எடுத்து வைத்திருப்பேன். இங்கே நானே எடுத்துச் சாப்பிட்டேன், வீட்டுக்கு வரப்போகிற மருமகள் நல்லதை மற்றவர்களுக்கு விட்டுவைக்க வேண்டுமே. அக்கா ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். சிங்கப்பூரில் சாப்பிட்டதோடு ஒப்பிட்டார். நான் தலையாட்டினேன். தாய் கறி உண்மையிலேயே ருசியாக இருந்தது. சாதத்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

இதைக் கம்பெனி கேன்டீனில் சாப்பிட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே சாப்பிட்ட தட்டை யாரும் மேசையில் விடுவதில்லை. மீந்ததைத் தொட்டியில் தட்டிவிட்டு, தட்டைத் தண்ணீர் டப்பில் போட்டுவிட்டுத்தான் கை கழுவ வேண்டும். எத்தனை கிலோ சோறு வீணானது என்று தினமும் பலகையில் எழுதிவைப்பார்கள். மேனேஜரும் ஆபரேட்டரும் ஒரே வரிசையில் தட்டோடு நிற்பார்கள். இரண்டு வருடம் தினமும் செய்த உடம்பு, என்னைக் கேட்காமலேயே எழுந்து நடந்தது. டப் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டே போனேன். லவுஞ்சுக்குள் போய்விட்டேன் என்பதுகூடத் தெரியவில்லை.

சோபாவில் இருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே தன் காலி டம்ளரை நீட்டினார். நான் கறுப்புச் சுடிதார் போட்டிருந்தேன். அங்கே பரிமாறுகிற பெண்களுக்கும் கறுப்புதான். நீட்டினார், வாங்கிக்கொண்டேன். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் டம்ளர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பி எங்கள் மேசையைப் பார்த்தேன்.

அக்கா வாயில் கை வைத்திருந்தார். அவன் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு மெனு அட்டையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். சாப்பிட்டு முடித்த பிறகு மெனு அட்டை எதற்கு? எழுந்து வந்து அந்தத் தட்டை என் கையிலிருந்து வாங்கியிருந்தால் நாங்கள் இருவரும் சிரித்திருப்போம். இதை நான் எழுதிக்கொண்டிருக்கவும் மாட்டேன்.

ஒரு பரிமாறும் பெண் ஓடிவந்து தட்டை வாங்கிக்கொண்டாள். மேசைக்குத் திரும்பியதும் அக்கா சொன்னார்: "இன்னாம்மா இது? வேலைக்காரின்னு நெனச்சிட்டான் பாரு. நாளைக்கு இவனோட பெரிய ஆளுங்க கூட வரும்போதும் இப்பிடித்தான் தட்டத் தூக்கிக்கினு திரிவியா?"

அவன் பில்லைக் கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டினான்.

மூன்றாவது ஞாயிறு அப்பா வாசகம் வாசித்தார். கடைசியில் சாமியார் ஓலை வாசித்தார். வேறு இரண்டு ஜோடிகளின் பெயர் வந்தது, எங்கள் பெயர் வரவில்லை. விடுபட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து அப்பா எழுந்து நின்றார். சாமியார் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். பெண்கள் பக்கத்தில் ஒவ்வொரு முக்காடாக என் பக்கம் திரும்பியது.

பெண் பக்கம் ஒரு தடை இருக்கிறது, வெளியே சொல்ல விருப்பமில்லை என்று அவர்கள் சாமியாரிடம் சொல்லியிருந்தார்கள். அப்பா அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டார். "சொன்னா உங்களுக்குத்தான் அசிங்கம்" என்று அக்கா கதவருகிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார்.

நடந்ததை நான் எல்லோரிடமும் சொன்னேன். அதுதான் கொடுமை. உண்மை அவ்வளவு அற்பமாக இருந்ததால் ஒருவரும் நம்பவில்லை. "தட்டு தூக்கினதுக்கா கண்ணாலம் நிக்கும்? வேற இன்னாவோ கீது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, என் காதுபடவே. கொஞ்ச நாளில் அந்த 'இன்னாவோ'வுக்கு ஒரு ஆளும் கிடைத்துவிட்டான். என் கம்பெனி பஸ் டிரைவர். பாவம், அவருக்கு இரண்டு பேரப் பிள்ளைகள்.

அப்பா வாசகம் வாசிப்பதை நிறுத்தினார். அப்புறம் எங்கள் கோவிலுக்கே வருவதை நிறுத்தினார். ஞாயிறு விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேறு பங்குக்குப் போய், யாருக்கும் தெரியாத கோவிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவார். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் சொன்னதை நம்பினாரா என்றும் எனக்குத் தெரியாது. அதுதான் என்னை அரித்தது. வந்த வரன்கள் பங்கில் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த சைக்கிள் சத்தம்தான் பொறுக்க முடியவில்லை. பூசைக்குப் போகிற மனிதன் திருடனைப்போலப் போய்வந்தார்.

அவன் கால் ஒடிய வேண்டும் என்று ஜெபமாலையின் நடுவில் நினைத்திருக்கிறேன். அதற்காகச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனமும் செய்திருக்கிறேன், பாவத்துக்கான வருத்தம் துளியும் இல்லாமல். எனக்கு அவன் பணமோ மன்னிப்போ வேண்டாம். அவன் வாயால், இல்லை, அவன் கையெழுத்தில் உண்மை வேண்டும். அப்பா அதைப் படிக்க வேண்டும். ஐந்து வருடம் இந்த ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்குள் நான் சப்ளையர்களின் சரக்கைச் சோதிக்கும் பிரிவுக்கு மாறியிருந்தேன். பாகங்கள் அனுப்பும் கம்பெனிகளுக்கு நேரில் போய், இது தேறும் இது தேறாது என்று சொல்லும் வேலை. ஒரு நாள் ஒரு பட்டை லாட்டில் புகார் வந்தது. துளை தள்ளியிருந்தது, ஓரமெல்லாம் பிசிறு. நானே கிளம்பிப் போனேன். அந்தக் கம்பெனி வாசலில் என்னை வரவேற்க அவன் நின்றிருந்தான். தரப் பிரிவுப் பொறுப்பாளராகியிருந்தான். தொப்பை போட்டிருந்தது.

"வாங்க மேடம்" என்றான்.

"வணக்கம் சார்" என்றேன். அவ்வளவுதான். காலை முழுக்கப் பட்டைகளை அளந்தேன். அவன் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டான்.

சப்ளையர் வாங்கிக் கொடுக்கும் டீயைக்கூட நாங்கள் குடிக்கக் கூடாது என்பது எங்கள் கம்பெனி விதி. எப்போதும் சாப்பாட்டு டப்பா கொண்டுபோவேன். அன்று அவனுடைய ஜி.எம்., கோயம்புத்தூர்க்காரர், "வெளிய போயி நல்லதா சாப்பிட்டு வரலாமுங்க மேடம்" என்றபோது, என் சாப்பாட்டுக் காசை நானே கொடுப்பேன் என்று சொல்லிவிட்டு, எந்த ஹோட்டல் என்பதையும் நானே சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஐந்து வருடத்தில் நான் சாப்பிட்ட முதல் இனிப்பு அதுதான்.

கருங்கல் சுவரில் தண்ணீர் இன்னமும் வழிந்துகொண்டிருந்தது. லவுஞ்ச் அவன் கண்ணுக்கு நேரே தெரியும்படி அவனை உட்காரவைத்தேன். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி நானே ஆர்டர் செய்தேன். சாதம் வந்ததும் ஸ்பூனை ஒதுக்கிவிட்டுக் கையால் பிசைந்து சாப்பிட்டேன். ஜி.எம். ஒரு நொடி பார்த்தார். அவரும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் கையை விட்டார். "கையில சாப்புட்டாத்தானுங்க சாப்புட்ட மாதிரி இருக்குது" என்றார். வேறு வழியில்லாமல் அவனும் கையால் சாப்பிட்டான். சரக்கு வாங்குகிறவள் என்ன செய்தாலும் அது நாகரிகம்தான்.

மேசையைத் துடைத்த பிறகு என் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவன் முன் வைத்தேன். லைனில் அதை ஒய்-ஒய் தாள் என்போம். ஒரு தப்பு நடந்தால் மேலே அந்தத் தப்பை எழுதி, கீழே ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டுப் பதில் எழுத வேண்டும். ஐந்தாவது பதிலில் வேர் வெளியே வந்துவிடும் என்பது நம்பிக்கை. ஒவ்வொரு லாட் திரும்பும்போதும் அவன் எங்களுக்கு எழுதி அனுப்பும் தாள்தான். இதில் தப்பை நானே எழுதியிருந்தேன்: மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை.

"மேடம், இது…" என்றான்.

"லாட் விஷயம் நாளைக்கு, லைன்ல. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, நீங்க எழுதினாலும் எழுதாட்டியும் லாட்டுக்கு ஒண்ணும் ஆவாது" என்றேன். ஜி.எம்.மும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

ஜி.எம். போனில் யாருக்கோ மெசேஜ் அடித்துக்கொண்டிருந்தார். தாளை எட்டிப் பார்க்கக்கூட இல்லை. "மேடம் கேட்டத எழுதிக் குடுத்துருப்பா. இதுக்கெல்லாமா யோசிப்பே?" என்றார்.

அவன் பேனாவை எடுத்தான். முதல் ஏனுக்கு 'சில காரணங்களால்' என்று எழுதினான்.

"சில காரணம்னு எழுதினா நாங்க திருப்பி அனுப்பிடுவோம் சார். உங்களுக்குத் தெரியாதா?"

அடித்துவிட்டு எழுதினான். பெண் பக்கம் தடை இருப்பதாக நாங்கள் சாமியாரிடம் பொய் சொன்னோம், பெண்ணிடம் எந்தக் குறையும் இல்லை. ஏன் பொய்? உண்மையைச் சொன்னால் ஊர் எங்களைப் பார்த்துச் சிரிக்கும். ஏன் சிரிக்கும்? ஹோட்டலில் சாப்பிட்ட தட்டை அவரே எடுத்துக்கொண்டு போனார் என்பதற்காக வேண்டாம் என்றோம். ஏன் அதற்காக? அவரை வேலைக்காரி என்று நினைத்து ஒருவர் டம்ளர் கொடுத்தார், அக்காவுக்கு அவமானமாக இருந்தது.

"அக்காவுக்கு மட்டுமா?"

'எனக்கும்' என்று சேர்த்தான். காதெல்லாம் சிவந்திருந்தது. நான் அதை நிதானமாகப் பார்த்தேன். அவசரமே இல்லை எனக்கு.

ஜி.எம்.முக்கு அழைப்பு வந்து எழுந்து லவுஞ்ச் பக்கம் போனார். அவன் பேனாவை மூடினான். "நாலு போதுமே மேடம்."

"தாள்ல அஞ்சு கட்டம் கீது சார்."

பேனாவை மறுபடி திறந்தான். பிறகு எழுதினான்: எங்கள் அம்மா இருபது வருடம் ஒரு மெஸ்ஸில் எச்சில் தட்டு கழுவித்தான் எங்களைப் படிக்கவைத்தார்.

"அக்கா யாராண்டயும் சொல்லக் கூடாதுன்னுடுச்சி. அத்தானுக்கே தெரியாது. அன்னிக்கி உங்களத் தட்டோட பாத்ததும் அம்மாவப் பாத்த மாதிரி இருந்திச்சி மேடம். அதான்…" என்றான். கையெழுத்துப் போட்டுத் தாளை என் பக்கம் தள்ளினான்.

இரக்கம் வந்ததா என்றால், வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. தட்டு கழுவிய கையால் சோறு உண்டு வளர்ந்தவன், என் கையில் தட்டைப் பார்த்ததும் அந்த ஹோட்டலில் முதல் ஆளாக எழுந்திருக்க வேண்டியவன் அவன் அல்லவா? மற்றவர்களுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் மெனு அட்டைக்குப் பின்னால் ஒளிந்தான். அம்மாவை முட்டி வலி என்று வீட்டில் ஒளித்த மாதிரி.

மறுநாள் லாட்டைத் திருப்பி அனுப்பினேன். பிசிறு பிசிறுதான், யாருடைய லாட்டாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் சிவப்பு ஸ்டிக்கரை அவ்வளவு அழுத்தித் தேய்த்து ஒட்டியிருக்க மாட்டேன்.

சனிக்கிழமை கத்தரிக்கோலை எடுத்து ஐந்தாவது கட்டத்தை மட்டும் தனியே வெட்டினேன். அந்த அம்மாவுக்கும் எனக்கும் ஒரு வழக்கும் இல்லை. நிச்சயதார்த்தத்தன்று என் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்ட ஒரே ஆள் அவர்தான். நான்காவது கட்டத்தோடு கையெழுத்தைச் சேர்த்துச் செலோடேப் போட்டு ஒட்டினேன். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த ஒரே தில்லுமுல்லு அது.

ஞாயிறு முதல் ஆளாகக் கோவிலுக்குப் போய், ஓலை ஒட்டும் பலகையில் நடுவில் குத்தினேன். திரும்பி வீட்டுக்கு வந்தபோது அப்பா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு நம்ம கோவிலுக்கு வாப்பா" என்றேன். முடியாது என்றார். "வரலன்னா நானும் இனிமே எந்தக் கோவிலுக்கும் வர்ல" என்றேன். வந்தார்.

பலகை முன்னால் கூட்டம். பக்கத்து வீட்டுக்காரி எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். கோவில் உபதேசியார் அதைக் கிழிக்கக் கையை நீட்டினார். புதிதாக வந்திருந்த சாமியார் முழுவதையும் படித்துவிட்டு, "பூசை முடியிற வரைக்கும் இருக்கட்டும்" என்றார். அப்பாவுக்கு வழி விட்டார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு முறை படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"நீ சொன்னது அப்பிடியே கீதே" என்றார் என்னிடம். "நான் நம்பாம இல்லம்மா. ஆனா நம்பினேன்னும் சொல்ல முடியாது."

ஐந்து வருடமாக நான் பயந்த பதில் அது. ஆனாலும் அவர் அதைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. உள்ளே போய்த் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். அங்கே இருந்தவர் எழுந்து நகர்ந்துகொண்டார். சில வாரம் கழித்து வாசகமும் வாசித்தார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அந்த உடைப்பையும் நான் அவன் கணக்கில்தான் சேர்த்தேன்.

பலகையை யாரோ போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பியிருக்க வேண்டும். எனக்கு ஒரு மெசேஜ் வந்தது: ஐந்தாவதை விட்டதற்கு நன்றி, மேடம்.

நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான். அந்த நிம்மதியை அவனுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. "என்னிடம் பத்திரமாக இருக்கிறது" என்று பதில் அனுப்பினேன். அதற்குப் பிறகு எங்கே என்னைப் பார்த்தாலும், எந்தக் கம்பெனி வாசலிலும், எந்தக் கல்யாண வீட்டிலும், அவன் கண் முதலில் என் கைப்பைக்குத்தான் போகும். எத்தனையோ வருடம் அப்படிப் போயிற்று. எனக்குச் சலிக்கவில்லை.

அவன் அம்மா போன வருடம் இறந்துபோனார். கல்லறைவரை போய் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தேன். இனி எவர் என்ன சொன்னாலும் அவரை எட்டாது. அதனால்தான் ஐந்தாவது கட்டத்தை இங்கே எழுதியிருக்கிறேன். மகனுக்கு எட்டினால் எட்டட்டும்.